இரண்டு பெட்டிகள், இரண்டு கேள்விகள்

"ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியில எது கெட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க, டீச்சர்?"

பியூலா கையிலிருந்த சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தார்.

"ஒண்ணு கெட்டுருக்குன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

"எதுன்னு தெரியுமா?"

"தெரியும். என் மச்சினன் பெட்டி."

"அப்போ கண்டுபிடிச்சாச்சே அண்ணாச்சி. எங்கிட்ட எதுக்கு வந்தீய?"

"அதை நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொன்னா வீட்டுல எடுபடாது."

பியூலா தூத்துக்குடியில் ஸ்பீக்கர் பழுது பார்க்கிறவர். சனிக்கிழமை காலையில் சிலர் அவர் பட்டறைக்கு வேலை படிக்க வருவார்கள். எல்லாரும் அவரைவிட வயதில் மூத்தவர்கள். இப்போது கேள்வி கேட்ட சந்தியாகு அவர்களிலும் மூத்தவர், அவர்களிலும் சத்தமானவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தொடங்கி, நாலு கடைக்காரர்களிடம் ஏமாந்து, ஐந்தாவது கடையைத் தன் பெயரில் போட்டவர். ஏலத்தில் பழைய சாமான் எடுத்து விற்கிறார். பேரம் பேசாமல் அவர் ஒரு டீகூடக் குடித்ததில்லை. இனி எந்த மெக்கானிக்கும் தன்னை ஏமாற்றக் கூடாது என்பதற்காகத்தான் பியூலாவிடம் படிக்க வந்தார்.

அந்தப் பெட்டிகள் வந்த கதை இது.

துறைமுகத்துப் பக்கம் இருந்த பழைய மாலுமிகள் மன்றத்தை இடித்தபோது அவை ஏலத்துக்கு வந்தன. துணிப் பீரோ அகலம், நெஞ்சு உயரம். கீழே, அடித் தொனிக்கு, சுளகு மாதிரி அகன்ற ஊஃபர். மேலே வாயைப் பிளந்த ஹார்ன். சந்தியாகுவும் அவர் மனைவி ரெஜினாளின் தம்பி கஸ்பாரும் அப்போது கூட்டாளிகள். சேர்ந்து ஏலம் கேட்டு, சேர்ந்து தூக்கி வந்தார்கள்.

பிறகு கூட்டு உடைந்தது. முதலில் கத்தியது யார் என்பதில் இன்றைக்கும் தகராறு உண்டு. சாமான்களைப் பங்கு பிரித்தார்கள். தராசு ஒருவருக்கு, எடைக்கல் ஒருவருக்கு. கடைசியில் இந்த ஜோடிப் பெட்டி மிச்சம் இருந்தது. விட்டுக்கொடுக்க ரெண்டு பேருக்கும் மனசு இல்லை. ஆளுக்கு ஒன்று என்று ஆனது.

"ஜோடியைப் பிரிக்காதீங்கப்பா" என்று பஞ்சாயத்துக்கு வந்தவர் சொன்னார். கேட்கிற காது அன்றைக்கு யாருக்கும் இல்லை.

உப்புக்காற்று ஊஃபரின் ஓரத்தை அரித்துவிடும். கஸ்பார் தன் பெட்டிக்கு மதுரையில் புதுக் கோன், அதாவது அதிர்கிற காகிதக் கூம்பும் அதன் கம்பிச் சுருளும், போட்டார். சந்தியாகு தன் பெட்டிக்கு நாகர்கோவிலில் போட்டார். அவரவர் வீட்டில் அவரவர் பெட்டி தனியாகப் பாடிக்கொண்டிருந்தது.

இப்போது சந்தியாகுவின் மகன் ரெக்ஸனுக்கு நிச்சயதார்த்தம். ரெஜினாள் யார் மூலம் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாரோ தெரியாது. கஸ்பார் வரவில்லை. பெட்டி வந்தது. லோடு ஆட்டோவில், போர்வை சுற்றி.

"மருமவன் நிச்சயத்துக்கு ஜோடியாப் பாடட்டும்னு சொன்னாவ" என்று ஆட்டோக்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

ரெஜினாள் போர்வையைப் பிரிக்காமலே அழுதார்.

சந்தியாகு ரெண்டு பெட்டியையும் சேர்த்துப் பாட்டுப் போட்டார். தவில் தகர டப்பா மாதிரி கேட்டது. அடித் தொனியே இல்லை. பெட்டிக்குச் சக்தி தருகிற ஆம்ப் பத்தாது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். ஹார்னுக்கு ஒன்று, ஊஃபருக்கு ஒன்று என்று ரெண்டு ஆம்ப் கொண்டுவந்தார். பெட்டியின் முதுகில் மேல் திருகையும் கீழ் திருகையும் ஒரு பித்தளைத் தகடு சேர்த்துப் பிடித்திருக்கும். தனித்தனி ஆம்ப் கொடுக்கும்போது அதைக் கழற்ற வேண்டும். கழற்றவில்லை. ஒரு ஆம்ப் புகைந்தது. பியூலாதான் அதைச் சரிசெய்து கொடுத்து, தகட்டைக் கழற்றாததற்குத் திட்டினார். சந்தியாகு தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பாட்டுப் போட்டார். ஊஃபர் ஆம்பை முழுக்கத் திருகியும் தவில் டப்பாவாகவே இருந்தது.

அப்போது சந்தியாகு வீட்டில் சொன்னது இது:

"கெட்ட பெட்டியை அனுப்பி நாலு பேர் முன்னால என்னைக் கேவலப்படுத்தப் பாக்கான். கோளாறு அவன் பெட்டியிலன்னு தெரியட்டும், வந்த ஆட்டோவுலயே அது திரும்பிப் போவும். அவனும் என் வீட்டு மேடையில ஏற வேண்டாம்."

"தாய்மாமன் ஏறாத மேடையில நானும் ஏற மாட்டேன்" என்றார் ரெஜினாள். "நீங்களும் உங்க பெட்டியும் நின்னு நிச்சயம் பண்ணிக்கோங்க."

நிச்சயம் மறுநாள் என்கிறபோதுதான் இந்தச் சனிக்கிழமை அவர் பட்டறைக்கு வந்து நின்றார்.

"வாரேன்" என்றார் பியூலா. "ஆனா அந்த ரெண்டு பெட்டியைப் பத்தி நீங்க எங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது."

"கேள்வி கேக்காம எப்படிப் படிக்க? பத்து கேக்கேன்."

"ஒண்ணும் இல்ல."

"எட்டு. நீங்க டீச்சர்ங்கிறதுக்காகக் குறைக்கேன்."

"ஒண்ணு."

"அஞ்சுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படி ஆகாது."

பியூலா மறுபடி சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தார்.

"மூணு" என்றார் சந்தியாகு.

"ரெண்டு. இன்னும் பேசினீயன்னா திங்கக்கிழமை வாரேன்."

சந்தியாகு தன் தொடையில் தானே ஓங்கி ஓர் அடி போட்டார். பேரம் முடிந்தது என்று அர்த்தம்.

பியூலா சாமான்களை எடுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் அந்த வீட்டில் அடுத்த சண்டை தொடங்கியிருந்தது. ஹாலின் நடுவில் மேடை போட வேண்டும். சந்தியாகுவின் பெட்டி இடைஞ்சலாக நின்றது. சந்தியாகு ஒரு பக்கம் நின்று சுவருக்குத் தள்ளினார். ரெஜினாள் மறுபக்கம் நின்று ஜன்னலுக்குத் தள்ளினார். ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

வாசலில் பந்தல்காரர் ஒருவர் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"வாங்க பியூலா" என்றார் ரெஜினாள். "இந்த மனுசன் இருக்கிற பலத்தை எல்லாம் எம்மேலயே காட்டுதாரு."

"நான் பெட்டியைத்தான் தள்ளுதேன்."

"அதுக்கு அந்தப் பக்கம் நான்தான நிக்கேன்."

பியூலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். 

"அது அங்கனயே நிக்கட்டும் மைனி. மத்ததை அதுக்கு நேரா எதிர்ச் சுவர்ப் பக்கம் வைப்போம். நடுவுல மேடை."

அப்படியே வைத்தார்கள். சந்தியாகுவின் பெட்டி இடப்பக்கம். கஸ்பாரின் பெட்டி வலப்பக்கம். தகடுகள் கழற்றியிருக்கின்றனவா என்று பியூலா விரலால் தடவிப் பார்த்தார். மேல் வயர்கள் சின்ன ஆம்புக்கு, கீழ் வயர்கள் பெரிய ஆம்புக்கு. சரியாக இருந்தது.

"பாட்டைப் போடுங்க."

நாதஸ்வரக் கச்சேரி. நாதஸ்வரம் நன்றாகத்தான் வந்தது. பின்னால் யாரோ கரண்டியால் தட்டைத் தட்டுகிற மாதிரி தவில்.

பியூலா மேடை வரப்போகிற இடத்தில், ரெண்டு பெட்டிக்கும் சரிநடுவில் போய் நின்றார். அங்கே தவில் சுத்தமாகச் செத்திருந்தது. அடுக்களை மூலைக்குப் போனார். அங்கே லேசாக ஒரு முனகல் இருந்தது. திரும்பி நடுவுக்கு வந்தார். முனகல் போய்விட்டது.

சந்தியாகு வாயைத் திறந்தார். பேரம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

பியூலா போய்க் கஸ்பார் பெட்டியின் கீழ் வயர்களைக் கழற்றினார்.

தவில் திடுமென்று ஹாலுக்குள் வந்து உட்கார்ந்தது. தொம் தொம் என்று, தவிலின் கனத்த தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றும் தரையில் இறங்கியது.

"பாத்தியளா டீச்சர்?" என்று சந்தியாகு துள்ளினார். "அவன் பெட்டியை எடுத்ததும் எப்படிப் பாடுதுன்னு பாத்தியளா?"

"ஒரு கேள்வி போச்சு அண்ணாச்சி."

"அது கேள்வியே இல்ல."

"எங்காதுல கேள்வியாத்தான் விழுந்துச்சு."

ரெஜினாள் எழுந்து அடுக்களைக்குள் போனார். உள்ளே ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது.

சந்தியாகு செல்போனை எடுத்தார். லோடு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

"ஏ, நான்தான் பேசுதேன். அன்னைக்கு எறக்குன பெட்டி இருக்குல்லா. வா, வந்து ஏத்திக்கிட்டுப் போ. ஆமா, எடுத்த இடத்துக்கேதான்."

பியூலா அவரைத் தடுக்கவில்லை. கஸ்பாரின் பெட்டியில் வயர்களை மறுபடி மாட்டினார். பிறகு சந்தியாகுவின் பெட்டியில் கீழ் வயர்களைக் கழற்றினார்.

தவில் மறுபடி வந்தது. அதே தொம் தொம். இந்த முறை வலப்பக்கத்திலிருந்து.

போனில் ஆட்டோக்காரர் கேட்டார். "என்ன அண்ணாச்சி, மேளக்காரவ இன்னைக்கே வந்துட்டாவளா?"

"பொறவு கூப்பிடுதேன்" என்று சந்தியாகு போனை வைத்தார்.

அடுக்களை வாசலில் ரெஜினாள் கையில் கரண்டியோடு நின்றார். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பியூலா ரெண்டு பெட்டிக்கும் வயரை மாட்டினார். தவில் செத்தது.

சந்தியாகு மேஜைப் பக்கம் திரும்பினார். வேறு யாராவது எதிரில் இருந்திருந்தால் கத்தியிருப்பார். மேஜை மேல் ரெண்டு ஆம்ப்தான் இருந்தன. அவற்றைப் பார்த்துக் கத்தி ஏற்கனவே பலன் இல்லை.

"செரி" என்றார் கடைசியில். "ஒண்ணு மட்டும் பாடினா நல்லா இருக்கு. நாளைக்கு ஒண்ணையே வச்சு ஓட்டிருவோம். வேலை முடிஞ்சது."

"எதை வைப்பீய?" என்றார் ரெஜினாள்.

சந்தியாகுவின் கண் தன் பெட்டி மேல் போனது. பதில் ஹாலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. வாசலில் நின்ற பந்தல்காரருக்குக்கூடத் தெரிந்தது.

பியூலா கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, பைல இருக்கிற பேட்டரியைக் குடுங்க."

சந்தியாகுவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேட்டரி இருக்கும். ரெண்டு சின்ன வயர் ஒட்டினது. துறைமுகத்து ஏலத்தில் அந்தப் பேட்டரியைத் தெரியாதவர் இல்லை. எந்த ஸ்பீக்கரைப் பார்த்தாலும் வயரை வைத்துத் தொடுவார். தட் என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது. வராவிட்டால் இரும்பு விலை. அந்த ஒரு தட்டை வைத்துத்தான் அவர் கடை நிமிர்ந்தது.

"அதெல்லாம் பாத்தாச்சு டீச்சர். ரெண்டுலயும் சத்தம் வருது. வாங்கும்போது ஒரு தடவை, நேத்து ஒரு தடவை."

"இன்னொரு தடவை பாப்போம்."

பியூலா ஆம்புகளை அணைத்தார். ரெண்டு பெட்டியின் முன்பக்கத் துணிச் சட்டத்தையும் கழற்றிச் சுவரில் சாய்த்தார். ஊஃபர்கள் கருகருவென்று வெளியே தெரிந்தன. பேட்டரியின் வயர் நுனிகளில் வேறு ரெண்டு நீள வயரை முறுக்கினார். நீள வயரின் மறுமுனைகளைச் சந்தியாகுவின் பெட்டியில் இருந்த கீழ்த் திருகுகளுக்குக் கொண்டுபோனார். சிவப்பு வயர் சிவப்புத் திருகுக்கு, கறுப்பு கறுப்புக்கு.

"நீங்க முன்னால உக்காருங்க."

சந்தியாகு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காதை ஊஃபருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"காது வேண்டாம் அண்ணாச்சி. கண்ணு."

தொட்டார்.

தட்.

கோன் லேசாக முன்னால் வந்தது. எடுத்ததும் பழைய இடத்துக்குப் போனது.

"இங்கிட்டு வாங்க."

கஸ்பாரின் பெட்டி. அதே சிவப்பு, அதே கறுப்பு.

தட்.

கோன் உள்ளே போனது.

சந்தியாகு அசையவில்லை. "இன்னொருக்க" என்றார்.

தட். உள்ளே.

அவர் எழுந்து போய் வயரையும் திருகையும் தன் கண்ணால் பார்த்தார். சிவப்பு சிவப்பில்தான் இருந்தது. பேட்டரியை வாங்கித் தன் பெட்டிக்குக் கொண்டுபோனார். தொட்டுவிட்டு முன்னால் ஓடி வந்தார். ஓடி வருவதற்குள் கோன் நின்றுவிட்டது.

"ஏட்டி, வா இங்க. நீ தொடு, நான் பாக்கேன்."

ரெஜினாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து தொட்டார். முன்னால். அந்தப் பெட்டிக்குப் போய்த் தொட்டார். உள்ளே.

"அது வரும்போது இது போவுது" என்றார் ரெஜினாள், பெட்டிக்குப் பின்னாலிருந்தே. பிறகு, சற்றுமுன் தான் நின்று தள்ளிய இடத்தைப் பார்த்தார். புருஷன் நின்ற இடத்தையும் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சந்தியாகு சிரிக்கவில்லை. கையில் இருந்த பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் ஸ்பீக்கர் தொட்டிருப்பார். எல்லாம் சத்தம் போட்டன. ஒன்றுகூட எந்தப் பக்கம் போகிறது என்று அவர் பார்த்ததில்லை.

"மதுரையில சுருளை ஒரு மாதிரி ஒட்டியிருக்காங்க" என்றார் பியூலா. "நாகர்கோவில்ல இன்னொரு மாதிரி. ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் ஒட்டியிருக்காங்க. ஒண்ணு காத்தைத் தள்ளும்போது மத்தது இழுக்குது, அதான் தவில் எடுபடல."

ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சந்தியாகுவிடம் நீட்டினார்.

"ஏதாவது ஒரு பெட்டியில கீழ ரெண்டு வயரை இடம் மாத்தி மாட்டுங்க. சிவப்பைக் கறுப்புக்கு, கறுப்பைச் சிவப்புக்கு."

சந்தியாகு வாங்கினார். அவர் கேட்க வேண்டிய கேள்வி தொண்டைக்கு வந்துவிட்டது. எந்தப் பெட்டி தப்பு? அதற்குத்தானே டீச்சரைக் கூட்டி வந்தார். இன்னும் ஒரு கேள்வி கையில் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பேரம் பேரம்தான்.

ரெஜினாளின் சிரிப்பு நின்றிருந்தது. அவரும் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார். முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சந்தியாகு நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் கஸ்பாரின் பெட்டி. அதைத் திருப்பிவிடலாம். திருப்பியதும் பாட்டு வரும். தப்பு எதில் இருந்தது என்று யாரும் சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

அவர் பியூலாவைப் பார்த்தார். பியூலா ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது ஒண்ணுன்னுதான சொன்னீய" என்றார் சந்தியாகு மெதுவாக. உடனே, "இது கேள்வி இல்ல. சும்மா சொல்லிப் பாக்கேன்" என்றார்.

"கேள்வியா எடுத்துக்கல."

சந்தியாகு ஹாலைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். தன் பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். வயதான முழங்கால் ரெண்டும் தரையில் பதிந்தன. திருகைத் தளர்த்தி, வயரை உருவி, மாற்றி வைத்து முறுக்கினார்.

"ஆம்பைக் கொறைச்சு வைங்க" என்றார் பியூலா. "முழுசாத் திருகியிருக்கீய."

"கொறைச்சா கேக்காது."

"கொறைங்க அண்ணாச்சி."

பாதிக்கும் கீழே குறைத்தார். பாட்டைப் போட்டார்.

தவில் வந்தது.

ஒரு பெட்டியிலிருந்து இல்லை. ரெண்டு பெட்டியிலிருந்தும் இல்லை. மேடை வரப்போகிற வெறும் இடத்தில், ஆளே இல்லாத இடத்தில், ஒருவர் தவிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அடித்தார். தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் அடுக்களை அலமாரியில் சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஜன்னல் கம்பி முனகியது. சந்தியாகுவின் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ தட்டிக் கூப்பிட்டது. அவர் அறியாமல் அவர் கை தொடையில் தாளம் போட்டது. பேரம் முடிக்கிற அதே கை.

பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிடித்தபடி வாசலில் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "மேளம் எங்கவே இருக்கு?" என்று கேட்டார்.

"நடுவுல" என்றார் பந்தல்காரர். "ஆனா ஆளைக் காணும்."

பியூலா இன்னும் வேலையை முடிக்கவில்லை. ரெண்டு பெட்டியிலும் மேல் வயர்களை மாற்றி வைத்துக் கொஞ்சம் கேட்டார். நாதஸ்வரத்தில் ஏதோ பிடிக்கவில்லை. பழையபடியே திருப்பி வைத்தார். தலையசைத்தார்.

ரெஜினாள் செல்போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. போனை ஹாலின் நடுவில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தவில் ஒரு சுற்று முழுக்க அடித்து முடித்தது.

போனுக்குள்ளிருந்து கஸ்பாரின் குரல் கேட்டது. "எந்தப் பெட்டிக்கா? என்னதா, அத்தானுதா?"

ரெஜினாள் போனைப் புருஷனிடம் கொடுத்தார்.

சந்தியாகு வாங்கிக் காதில் வைத்தார். ரெண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. ரெண்டு பேருமே ஏலத்தில் வளர்ந்தவர்கள். முதலில் வாயைத் திறக்கிறவன் விலை ஏற்றுகிறான் என்பது ரெண்டு பேருக்கும் தெரியும்.

சந்தியாகு திறந்தார்.

"நாளைக்கு வெள்ளனே வந்துரு. மேடைக்கு ஆள் பத்தாது."

"ம்."

"வரும்போது அந்த எடைக்கல்லை எடுத்துட்டு வா. இங்கன தராசு சும்மா தொங்குது."

 கஸ்பார் கேட்டார். "தராசை நல்லா வச்சிருக்கீயளா, இல்ல துரு ஏற விட்டுட்டீயளா?"

"வந்து பாரு" என்று சந்தியாகு போனை வைத்தார். ரெஜினாள் பக்கம் திரும்பாமலே, "சாம்பார் தீயுது" என்றார்.

நிச்சயம் நன்றாக நடந்தது. கஸ்பார் எடைக்கற்களை ஒரு சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் பழத்தட்டோடு வரும்போது ஒரு தாய்மாமன் சாக்கோடு வந்ததை அந்தத் தெரு முதல் தடவை பார்த்தது. மேடையில் ரெக்ஸனுக்கு மாலை போட்டார். ரெஜினாள் தம்பிக்குப் பக்கத்தில் நின்றார். தவில் மேடையிலிருந்தே கிளம்பியது போல முழங்கியது. பெண் வீட்டார் மேளக்காரரைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சந்தியாகு வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து ஹாலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்கன நில்லும். இப்பக் கேளும்."

பந்தியில் பியூலாவுக்கு எதிரில் கஸ்பார் வந்து உட்கார்ந்தார். சந்தியாகு பாயசத் தூக்கோடு பக்கத்தில் நின்றார்.

கஸ்பார் அப்பளத்தை ஒடித்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத மாதிரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"டீச்சர், அக்கா எல்லாம் சொன்னா. ஒண்ணு மட்டும் சொல்லல. கோளாறு யாரு பெட்டியில இருந்துச்சு? என்னதுலன்னா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அகப்பை தூக்குக்குள் அப்படியே நின்றது.

பியூலா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார்.

"ரெண்டு பெட்டியிலயும் இல்ல அண்ணாச்சி" என்றார். "நடுவுல இருந்துச்சு."

கஸ்பார் சந்தியாகுவைப் பார்த்தார்.

சந்தியாகுவிடம் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அவர் மச்சினன் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.